ஜன்னலோர மேஜையும் இருபது கால் திரையும்

மீசையை எடுக்கச் சொன்னாலும் எடுப்பேன், மேஜையை மட்டும் விடமாட்டேன் என்று நூலகர் முடிவு கட்டிவிட்டார்.

அந்த வீட்டில் வெளிச்சம் விழுகிற இடம் ஜன்னலோரம் ஒன்றுதான். அங்கே இருந்த ஒரே மேஜையில் ஒரு மாதமாக அவருடைய மைக்ரோ கன்ட்ரோலர் என்கிற கட்டைவிரல் கம்ப்யூட்டரும், அதில் மாட்ட வாங்கிய ஒரு சின்னத் திரையும், வயர்களும் குடித்தனம் நடத்தின. மனைவியோ தையல்காரி. சமையலறை மூலையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க வாசல்வரை போய்ப் போய் வந்தாள். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள அந்தத் திரையில ஏதாவது தெரிஞ்சா மேஜை உங்களுது. தெரியலைன்னா என் மெஷினுக்கு."

"ஏதாவது என்ன, படமே தெரியும்."

"யார் படம்?"

"தெரியறப்போ பாரு. ஆனா ஒண்ணு. நான் வேலை செய்யறப்போ பக்கத்துல யாரும் பேசக்கூடாது. யோசனை சொல்லவே கூடாது."

"நான் எதுக்கு வாயைத் திறக்கறேன்?" என்றாள் அவள்.

இருபத்திரண்டு வருஷமாக 'உஷ்' சொல்லியே சோறு தின்கிற மனிதர் அவர். சொன்னதைச் செய்கிறவர்.

திரை உள்ளங்கை அகலம்தான். ஆனால் அதற்குக் கால்கள் இருபது. பூரானுக்குப் பங்காளி போலிருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து இருபது காலுக்கும் இருபது வயர் கொடுத்தார். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருந்த படத்தைக் கம்ப்யூட்டர் வழியாக ஏற்றினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டார். திரை பச்சையாக எரிந்தது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

பிடுங்கினார். மறுபடி மாட்டினார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பிடுங்கி மாட்டினதில் விரல் நுனியெல்லாம் தேய்ந்தது. திரை அசையவில்லை. அவரும்தான்.

சனிக்கிழமை காபி கொண்டுவந்த மனைவி நின்று பார்த்தாள். திரைக்குப் பக்கத்தில் இருந்த குட்டி நீலத் திருகைக் குனிந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"உஷ்," என்றார் நூலகர்.

அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"மணி பன்னிரண்டு," என்றாள்.

"உன் கடிகாரம் வேகமா ஓடுது."

"உங்க கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன்."

வாக்கு வாக்குதான். மெஷினை அவரே மூச்சு வாங்கத் தூக்கிவந்து மேஜையில் வைத்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்போ பேசலாமா?"

"பேசு."

தையல் பெட்டியிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். நீலத் திருகை அரைச் சுற்றுத் திருகினாள். திரையில் நூலகரின் முகம் மீசையோடு எழுந்து நின்றது.

"என் மெஷின்ல இருக்கிற குட்டித் திரையும் போன வருஷம் இப்படித்தான் வெறிச்சுனு கிடந்துச்சு. மெக்கானிக் வந்து இந்த மாதிரி ஒரு திருகைத்தான் திருகினாரு. படம் அழுத்தமாத் தெரியறதுக்காம்."

"அப்போ என் படம்?"

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்தே அதுலதான் இருந்திருக்கும். வெளுத்துப் போயி."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேன். உஷ்னீங்க."

நூலகர் திரையிலிருந்த தன் மீசையை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு வீறாப்பு திரும்பி வந்தது. "அப்படின்னா ஜெயிச்சது நான்தான். திரை வேலை செஞ்சிருக்கு. மேஜையைக் கொடு."

"வேலை செஞ்சுது, நான் இல்லைங்கலையே. தெரியணும்னுதானே பந்தயம்?" அவள் ஊசியில் நூலைக் கோத்தாள், ஒரே முயற்சியில். "போனாப் போகுது. தைக்க வர்றவங்க அளவெல்லாம் அந்தத் திரையில வர்ற மாதிரி செஞ்சு குடுங்க. அதுக்காக தினம் அரை மணி நேரம் இங்க உட்கார்ந்துக்கலாம்."

விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் கேட்டார். போராடி அதை வாங்கியும்விட்டார்.