அம்மா எரித்த ஆயிரத்து நானூறு கலோரி

பிளிதா, செவ்வாய்க்கிழமை

பேரன்பும் அதைவிடப் பெரிய வயிறும் கொண்ட தௌஃபீக் மாமா அவர்களுக்கு,

அக்காள் மகள் ரீம் ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். அம்மா மட்டும் இரண்டு கிலோ கூடுதல் நலம். ஓரானில் தங்கள் நலமும் அவ்வாறே பெருகுக.

அம்மாவுக்கு நீங்கள் அனுப்பிய கைக்கடிகாரத்துக்கு நன்றி சொல்ல வார்த்தை தேடினேன். கிடைத்ததெல்லாம் வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தைகள். உங்கள் கல்யாணத்துக்குப் பதினைந்தே நாள். தன் கல்யாணத்தில் போட்ட ஜரிகை வெல்வெட் கரகூ சட்டையைத்தான் அம்மா போடுவாளாம். அதில் ஆறு கொக்கி, மூன்றுதான் பூட்டிற்று. "மத்த மூணும் பூட்டலேன்னா என் தம்பிக்கு மருதாணி வைக்க வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சபதம் வேறு. எரித்த கலோரியைக் கடிகாரம் சொல்லும், அதற்குள் சாப்பிட்டால் இளைக்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, மகா ஞானி! உங்கள் விருந்துக்குக் கூஸ்கூஸ் உருட்டும் மாதம் பார்த்தா அது வந்து சேர வேண்டும்? பெரிய மரத்தட்டில் ரவையைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றி உருட்டினாள் அம்மா. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கை சுற்றியதைக் கால் ஓடியதாக எண்ணிக்கொண்டது உங்கள் கடிகாரம்.

"ஏண்டி, பன்னிரண்டாயிரம் அடி நடந்திருக்கேன்! ஆயிரத்து நானூறு எரிச்சிருக்கேன்!"

"எங்கம்மா நடந்தே? அடுப்படிக்குக்கூடப் போகலியே."

"மிஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்? அந்த மக்ரூத் தட்டை இப்படித் தள்ளு. இன்னும் நானூறு பாக்கி இருக்கு."

தேனில் ஊறிய மக்ரூத் இனிப்பு ஒன்பது உள்ளே போயிற்று. அம்மா எரித்ததைவிட என் வயிறு எரிந்ததுதான் அதிகம், எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. தினமும் இதே கதை. ஒருநாள் தராசு இரண்டு கிலோ கூட்டிச் சொன்னது; பொய் சொன்ன குற்றத்துக்காகக் கட்டிலுக்கடியில் தள்ளப்பட்டது. பூட்டிக்கொண்டிருந்த மூன்றாவது கொக்கியும் கைவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஸுலீக்கா அக்கா, "ஹூரியா, உள்ள ரெண்டு விரல் துணி மடிச்சிருக்கு. பிரிச்சு விடட்டுமா?" என்று தன்மையாகத்தான் கேட்டாள்.

"ஊசியத் தொட்டே, உறவு அறுந்துது! நான் உடம்பாலதான் ஜெயிப்பேன்."

ஜெயிக்க நாள் போதாதாம். ஆகவே கல்யாணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்ல உங்களிடமே புறப்பட்டு வருகிறாள். மணப்பெண் வீட்டார் நம்மை உயிரோடு விடமாட்டார்கள். எல்லாம் உங்கள் கடிகாரத்தால் வந்த வினை.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், அதற்கேற்ற நீளத்தில் இடுப்பு வாரும் தருவானாக.

அடங்கிய பிள்ளை,
ரீம்

பி.கு.: கடிகாரத்தை ரொம்பவும் திட்டிவிட்டேன், பாவம். முதல் நாள் அது அம்மாவின் எடையைக் கேட்டபோது விளையாட்டாக உங்கள் எடையைப் போட்டேன். நூற்றுப் பதினெட்டு கிலோ, ஆண். மூன்று வாரமாக அம்மா சாப்பிட்டது உங்கள் பங்கைத்தான். இன்று காலை திருத்திவிட்டேன். கைபேசி அவளிடம் இருப்பதால், கடிதமாக எழுதி அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். அவள் மூக்குக்கண்ணாடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இதை அவளால் படிக்க முடியாது. நீங்கள் மட்டும் சிரிக்காமல் படியுங்கள், எதிரில்தான் நிற்பாள். தேதியை மாற்றாதீர்கள். அவளை இரண்டு நாள் அங்கேயே பிடித்து வையுங்கள், போதும். அதற்குள் ஸுலீக்கா அக்கா இங்கே சட்டைத் தையலைப் பிரித்துவிடுவாள். திரும்பி வந்ததும் ஆறு கொக்கியும் பூட்டும். பெருமை கடிகாரத்துக்கே போகட்டும்.