மூன்று முறை சிமிட்டும் திரை

நான்கு நாட்களாகக் கணினியில் எதுவுமே பழுதாகவில்லை. பரிசோதகருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை முறைத்தார். மவுஸை நகர்த்தினார், அம்பு நகர்ந்தது. ஒரு தாளை அச்சிடச் சொன்னார். பிரிண்டர் மறுபேச்சில்லாமல் துப்பியது. பாட்டுப் போட்டார், பாடியது.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?” என்று கேட்டாள் மனைவி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

“எல்லாம் நல்லா வேலை செய்யுது.”

“அதுக்கா?”

“உனக்குப் புரியாது.”

“புரியாதுதான். பழுதானா விசில் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்து எழுதறீங்க. நல்லா இருந்தா இழவு வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கீங்க. கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்கணுமா, உங்களுக்குப் பாக்கணுமான்னு எனக்கே தெரியல.”

அவர் குடைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையாக வரும் குடைகளை விரித்து, மடக்கி, கம்பி கோணலா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது வேலை. நல்ல குடையைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை எழுதுவதில்லை. அது பேசாமல் பெட்டிக்குள் போய்விடும். எழுதுவதெல்லாம் பழுதான குடையைப் பற்றித்தான். வீட்டுக்கு வந்த பிறகும் கண் அதே வேலையைத்தான் பார்த்தது. ஒரே மகன். அவன் தலை சீவினால் வகிடு கோணல் என்பார். சைக்கிளைத் துடைத்து வைத்தால் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுத் தூசி எடுத்துக் காட்டுவார்.

ஆறு வருடத்துக்கு முன் அந்த மகன் நல்ல வேலை ஒன்றை விட்டுவிட்டு, தானே ஓர் இயங்குதளம் செய்யப்போவதாகச் சொன்னான். இயங்குதளம் என்றால், சுவிட்சைப் போட்டதும் கணினியைத் தட்டி எழுப்பி உட்காரவைத்து வேலை வாங்குகிற அடிப்படை. அதற்கு ‘நத்தை’ என்று பெயர் வைத்திருந்தான். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பரிசோதகர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “உருப்படாதவன்.”

மகன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வெளியூரில் தங்கினான். ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு மட்டும் பேசுவான். போன் அடித்ததும் பரிசோதகர் பால்கனிக்குப் போய், காய்கிற துணிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவனும் அவரைக் கேட்டதில்லை, இவரும் அவனைக் கேட்டதில்லை. வீம்பில் இருவரும் ஒரே அச்சு.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், மனைவிக்குச் சொல்லாமல், கணினியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனார்.

“இதுல நத்தையைப் போட்டுக் குடுங்கம்மா.”

“நத்தையா? எங்க சார் பிடிச்சீங்க அதை?” என்றாள் கடைக்காரி.

“பேப்பர்ல படிச்சேன்.”

போட்ட அன்றே கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. நத்தையைச் செய்தவர்களுக்குக் குறைகளை எழுத ஒரு பக்கம் இருந்தது. ‘அயலார்’ என்று பெயர் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் எழுதுகிற மாதிரியே எழுதினார்: என்ன பழுது, எந்த நேரம், எத்தனை முறை, எந்தக் கையால் தொட்டபோது. மறுநாள் காலை பதில் வந்திருந்தது. ‘நத்தைக்காரன்’ என்ற பெயரில் மகன் எழுதியிருந்தான்.

‘இவ்வளவு துல்லியமாக எழுதியதற்கு நன்றி. சரிசெய்துவிட்டேன். வேறு ஏதாவது கண்ணில் பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.’

அதைப் பதினோரு முறை படித்தார். குறை சொன்னதற்கு மகன் நன்றி சொல்கிறான்! பிறந்ததிலிருந்து சொன்ன குறைகளுக்கெல்லாம் சேர்த்து வந்த ஒரே நன்றி.

அன்றிலிருந்து கடிதம் எழுதுவதும் செய்தி படிப்பதும் மனைவி பாட்டுக் கேட்பதும் எல்லாம் நத்தையில்தான். வாரத்துக்கு ஒரு பழுதாவது அகப்படும். எழுதுவார். பதில் வரும். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது அந்தப் பாவி எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிட்டான்.

ஐந்தாம் நாள் கடைக்குப் போனார். “எந்தக் கம்ப்யூட்டரும் சீண்டாத பிரிண்டர் ஒண்ணு இருந்தா ரெண்டு நாளைக்குக் குடுங்கம்மா.”

“வேலை செய்யாததா வேணுமா?”

“ஆமா. மோசமா இருந்தா நல்லது.”

கடைக்காரி மூலையில் கிடந்த ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தாள். “எத்தனையோ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் இதை ஏத்துக்கல.”

நத்தை ஏற்றுக்கொண்டது. வயரைச் செருகி நிமிர்வதற்குள் ‘புதிய பிரிண்டர் தயார்’ என்று திரையில் எழுத்து வந்தது. சோதனைத் தாள் பளிச்சென்று வெளியே வந்து விழுந்தது. பரிசோதகர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு கோடு கூடக் கோணல் இல்லை.

“சனியன்,” என்றார்.

அடுத்து, நத்தைக்கு மகன் அனுப்பிய புதுத் திருத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மின்வயரைப் பிடுங்கினார். எந்தக் கணினியும் தாங்காத அடி. திரும்பச் செருகியதும், ‘கவலை வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்’ என்று எழுதிக் காட்டிவிட்டு அது தன் வேலையைப் பார்த்தது.

வேறு வழியில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் நல்ல குடை ஒன்றின் மேலும் ‘பழுது’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டியறியாத மனிதர், அன்று உட்கார்ந்து பொய் எழுதினார்.

‘காலை வேளைகளில் திரை மூன்று முறை சிமிட்டுகிறது.’

ஒரு மணி நேரத்தில் பதில். ‘வேகமாகவா, மெதுவாகவா? எத்தனை வினாடிக்கு ஒருமுறை?’

பரிசோதகர் அடுப்படிக்கு ஓடினார். “இங்க பாரு, மூணு தடவை கண்ணைச் சிமிட்டு.”

“எதுக்கு?”

“சிமிட்டேன்.”

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, கரண்டியும் கையுமாக மூன்று முறை சிமிட்டினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“அவ்வளவுதானா?” என்றாள் அவள் பின்னாலிருந்து. “நான் என்னமோன்னு நினைச்சேன்.”

‘இரண்டு வினாடிக்கு ஒருமுறை’ என்று எழுதினார்.

‘அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது?’

‘மின்விசிறி.’

மகன் ஒரு திருத்தம் அனுப்பினான். ‘சரியாகிவிட்டதா?’ என்று கேட்டான். ஆகிவிட்டது என்றால் பேச்சு முடிந்துவிடும். ‘இல்லை. இப்போது ஐந்து முறை’ என்றார். இன்னொரு திருத்தம் வந்தது. ‘நான்கு.’ இன்னொன்று. இல்லாத நோய்க்கு மேலும் மேலும் மருந்து தின்ற கணினிக்கு, பொய் எழுதிய ஆறாம் நாள், நிஜமாகவே உடம்புக்கு வந்துவிட்டது. பாட்டு பாதியில் திக்கியது. பிரிண்டர் தலைகீழாக அச்சடித்தது. எட்டாம் நாள் திரை சத்தியமாகவே சிமிட்ட ஆரம்பித்தது.

“என் பாட்டை என்ன பண்ணீங்க? வாயில பழத்தை வச்சுக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு,” என்றாள் மனைவி.

“இரு, எழுதறேன்!” என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

ஒரு நாளுக்கு நான்கு கடிதம், ஐந்து கடிதம். ‘சிரமத்துக்கு மன்னியுங்கள்’ என்று மகன் எழுதினான். ‘பரவாயில்லை, நிதானமாகப் பாருங்கள்’ என்று தந்தை எழுதினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அந்த நாட்களில் பரிசோதகர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவர் பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தபோது மனைவி போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“புள்ளை குரலே சரியில்லைங்க. பத்து நாளா சரியாத் தூங்கலையாம். கண்ணெல்லாம் எரியுதாம். ஏதோ ஒரு பழுது, எங்க இருக்குன்னே கண்டுபிடிக்க முடியலையாம். சல்லடை போட்டு சலிச்சுட்டானாம்.”

பரிசோதகர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

“‘நான் உருப்படாதவன்தான் போலம்மா’ங்கறான்.”

அவர் மறுபடியும் பால்கனிக்குப் போனார். துணிகளை எடுத்தாகிவிட்டது. வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பத்து நாளாக மகன் தேடியது தன் பொய்யை. அது எந்தக் கணினியிலும் கிடைக்காது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை கணினி முன் போய் உட்கார்ந்தார். ‘நான் உன்’ என்று எழுதினார். அழித்தார். உன் அப்பன்தான் உன்னை இப்படிப் படுத்தினேன் என்று தெரிந்தால், இருக்கிற கொஞ்சமும் போய்விடுமே.

பிள்ளையை விடுவிக்க ஒரே வழிதான் இருந்தது. திங்கள் காலை, எழுத்து எழுத்தாகத் தேடிப் பிடித்து எழுதினார்.

‘ஐயா, தவறு என்னுடையது. திரையின் வயர் தளர்ந்திருந்ததை இன்றுதான் பார்த்தேன். நீங்கள் ஓய்வெடுங்கள். என் கணினி பழையது, ஆகவே வேறு இயங்குதளத்துக்கு மாறிக்கொள்கிறேன். இனி உங்களுக்கு எழுதித் தொந்தரவு தரமாட்டேன். மூன்று வருடம் விரித்து மடக்கிப் பார்த்துவிட்டேன். நத்தையில் பழுது எதுவும் இல்லை.’

கடைசி வரியை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. அப்படி ஒரு வரியை அவர் எழுதிப் பழகியதில்லை.

அனுப்பிவிட்டு, மனசு மாறுவதற்குள் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

“எல்லாரும் வச்சிருக்கிறதையே போட்டுடுங்கம்மா.”

“நத்தை?”

“அழிச்சிடுங்க.”

அவள் வேலையை முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “போகும்போது ஏதாவது தகராறு பண்ணுச்சா?” என்று கேட்டார்.

“இல்ல சார். சமத்தாப் போயிடுச்சு.”

வீட்டுக்கு வந்து புதியதைத் திறந்தார். மகன் பதில் ஏதாவது எழுதியிருப்பானா என்று பார்க்க மட்டும் குறை எழுதும் அந்தப் பக்கத்துக்குப் போனார். திறக்கவில்லை. செவ்வாயும் திறக்கவில்லை. புதனும் இல்லை. கடைக்காரிக்குப் போன் போட்டார்.

“என்னம்மா இது, மட்டமான சரக்கா இருக்கு? ஒரு பக்கம் திறக்க மாட்டேங்குது. இதுல குறை இருந்தா யாருக்கு எழுதறது?”

“எழுதலாம் சார், அதுக்கும் இடம் இருக்கு. ஆனா யாரும் படிக்க மாட்டாங்க.”

சனிக்கிழமைவரை அவர் கணினியைத் தொடவில்லை. மனைவி தானே போய்ப் பாட்டுப் போட்டுக்கொண்டாள். “இப்ப நல்லா பாடுதே,” என்றாள்.

ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடித்தது. அன்று பரிசோதகர் பால்கனிக்குப் போகவில்லை. பிள்ளை தூங்கினானா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் “ம்… ம்…” என்றாள். “ஏன்டா?” என்றாள். “யாருடா?” என்றாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, அது அணைந்துவிட்டதா என்று திருப்பிப் பார்த்தாள்.

“தூங்கினானாமா?” என்று கேட்டார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. ஆறு வருடத்தில் அவர் மகனைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

“அந்த நத்தையையே மூடிட்டானாம்ங்க,” என்றாள் அவள். “மூணு வருஷமா உலகத்துலேயே ஒரே ஒருத்தர்தான் அதை வச்சிருந்தாராம், அவருக்காகத்தான் இவன் திறந்தே வச்சிருந்தானாம், இப்ப அவரும் போயிட்டாராம், யாருடா அந்த மனுஷன்னு கேட்டா, ‘உன் பக்கத்துலதான் இருப்பாரு, நீயே கேட்டுக்கோ’ன்னு அழுதுக்கிட்டே வச்சுட்டான்.”