புத்தம் புதுத் துரு

பழையதைப் புதிதாக்குவது யாரும் செய்யக்கூடிய அற்ப வேலை. புதியதைக் காசு கொடுத்துப் பழையதாக்குவதே நாகரிகத்தின் உச்சம். திருவண்ணாமலை செங்கம் சாலையில், 2003ஆம் ஆண்டு அந்த உச்சத்தை எட்டிப்பிடித்த மகான் அருணகிரி.

ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி அவர் கட்டிய வீட்டில் எல்லாமே புதிது. தேக்கு ஜன்னல் கதவு, எஃகுக் கீல், பித்தளைத் தாழ்ப்பாள். கீழே குடும்பம், மாடியில் வாடகை அறைகள். வெள்ளைக்காரர்களோ எட்டிப் பார்த்துவிட்டு, எதிரே இடிந்து விழக் காத்திருந்த வீட்டின் ஜன்னலைப் படம்பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கப் போனார்கள். அருணகிரிக்கு வயிறு எரிந்தது. கலை பிறப்பது எரிச்சலில்தான் என்பதால், புதுச்சேரிப் பக்கம் 'ஃபினிஷிங்' கற்றுவந்த விமல்ராஜை வரவழைத்தார்.

விமல்ராஜ் பெயின்டர் அல்ல, 'சர்ஃபேஸ் ஆர்ட்டிஸ்ட்'. தேக்கில் விரிசல் வரைந்தான். மெல்லிய தூரிகையால் உளுத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தான். கீலுக்குத் துருவும் தாழ்ப்பாளுக்குப் பச்சைக் களிம்பும் பூசினான்.

"துரு கொஞ்சம் கம்மியா இருக்குதே?" என்று கவலைப்பட்டார் அருணகிரி.

"ஜாஸ்தி பண்ணா பொய்யி மாதிரி தெரியும் சார். இது நூத்தம்பது வருஷத் துரு. கரெக்டா இருக்கும்."

மனைவி திரௌபதிக்குக் கலை ஞானம் போதாது. தீபத்துக்கு முன்பு வீட்டிலுள்ள பித்தளையை எல்லாம் துலக்கும் வழக்கப்படி, புளியைக் கரைத்து எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளை நோக்கி வந்தாள்.

"தொடாதே! அது காசு குடுத்து வாங்கின அழுக்கு!"

"இன்னாங்க இது? சொல்லியிருந்தா நானே சும்மா சேத்துக் குடுத்திருப்பேனே."

அறைகள் நிரம்பின. அடுத்ததாக அவர் மகன் இளவரசனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அவனுக்கு முப்பத்திரண்டு வயது. இதுவும் தட்டிப்போனால் தரகர் இனி படியேற மாட்டார். பையன் சென்னைக் கம்பெனியில் 'மேனேஜர்' என்று சொல்லியிருந்ததால், கிராமத்திலிருந்து பெண்ணின் தாய் தங்கம்மாளும் தாய்மாமன் சடையனும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். சம்மதம் ஆகாமல் கை நனைக்கக் கூடாது என்று, கொடுத்த காபியை இருவரும் தொடவில்லை.

தங்கம்மாள் நேரே ஜன்னலிடம் போனாள்.

"ஜன்னலே இப்படி உளுத்துக் கெடக்குதே. வீடு எப்ப எம் பொண்ணு தலையில விழுமோ?"

"கீலை மாத்தக்கூட வக்கில்ல போலக்கீது," என்றார் சடையன்.

அருணகிரி ஜன்னலுக்கு ஓடினார். "ஐயோ, அது பெயின்ட்டுங்க! உள்ள எல்லாம் ஒரிஜினல்!" என்று சாவியை எடுத்து, நூற்றைம்பது வருடத் துருவைத் தன் கையாலேயே சுரண்டினார். எஃகு பளபளவென்று மின்னியது.

சடையன் வாய்விட்டுச் சிரித்தார். தங்கம்மாள் சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கறதையே மாத்திக் காட்டறவரு நீங்க. பையன் மேனேஜர்னு சொன்னீங்களே, அதையும் கொஞ்சம் சுரண்டிக் காட்டுங்க."

அருணகிரி மகனைப் பார்த்தார். மகன் தாழ்ப்பாளைப் பார்த்தான். இந்தக் கலைக்கு இப்படி ஒரு விமர்சகர் வருவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. திரௌபதிதான் வாயைத் திறந்தாள்.

"ஜெராக்ஸ் கடையில வேலைம்மா. ஒரு நாள் லீவு போட மாட்டான். குடி, பீடி ஒண்ணும் கெடையாது. மேனேஜர்ங்கறது இவரு பூசினது."

தங்கம்மாள் இளவரசனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் எழுந்து நின்று, "ஆமாங்க, ஜெராக்ஸ் கடைதான்," என்றான். அவள் ஆறிப்போன காபியை எடுத்து முழுசாகக் குடித்தாள். அருணகிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தம்ளரைத் திரௌபதியின் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஜன்னலும் உளுக்கலீங்க சம்பந்தி, பையனும் உளுக்கல. நீங்கதான் உளுத்துட்டீங்க."