காட்டு ஸ்டேஷனுக்கு ஒரு பாடத் திட்டம்

வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்துவது என்று நான் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்று காலை வரை அப்படி ஓர் எண்ணமே எனக்குக் கிடையாது. கல்வியின் மேல் எனக்குத் தனியாகப் பிரியம் எதுவும் இல்லை. என் பிரியமெல்லாம் ஒரு தொப்பியின் மேல்.

ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி.

நான் கோலாலம்பூர் ரயில்வேயில், சரக்கு ஆபீஸில், மூன்றாவது கிராணி, அதாவது குமாஸ்தா. ஒன்பது வருஷமாக மூன்றாவது. எனக்கு மேலே இரண்டாவது கிராணி, அவருக்கு மேலே முதல் கிராணி, அவருக்கு மேலே பெரிய கிராணி, அவருக்கு மேலே துரை, துரைக்கு மேலே மின்விசிறி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் என் மனைவி இராஜம்மா. எனக்குக் கீழே யார் என்று பார்த்தால் நாற்காலிதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு செய்தி வந்தது. பகாங் காட்டுக்குள் புதிதாகப் பாதை போட்டுக்கொண்டு போகிறார்கள் அல்லவா, அதில் ஒரு சின்ன ஸ்டேஷன் திறக்கப் போகிறார்கள். மூன்று மாதத்தில் அதற்கு ஒரு மாஸ்டர் வேண்டும். போகக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் பக்கத்து மேஜை சபாபதி. அவன் கல்யாணம் ஆகாதவன், வேலையில் எனக்கு இளையவன், ஆகவே நான் வேண்டாம் என்றால்தான் அவனுக்கு. ஒரு தொப்பி, இரண்டு கொடி, ஒரு மணி, சுற்றி முப்பது மைலுக்கு மேலதிகாரி கிடையாது. யானை வந்தாலும் என்னைக் கேட்டுத்தான் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும்.

இராஜம்மாவிடம் சொன்னேன். அழுவாள், புலி என்பாள், மலேரியா என்பாள், கிள்ளானில் இருக்கும் அண்ணனுக்கு ஆள் அனுப்புவாள் என்று எதிர்பார்த்து எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அங்க பள்ளிக்கூடம் இருக்கா?"

"நாப்பது மைல் தள்ளி ஒண்ணு இருக்கு."

"அப்ப பிள்ளைங்க எங்க படிக்கும்?"

இந்தக் கேள்வி என் பட்டியலில் இல்லை. வாசுவுக்கு ஏழு வயது, வரும் ஜனவரியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடுவதாக இருந்தது. தங்கமணிக்கு ஐந்து. தொப்பிக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வீட்டுலயே படிக்கும். நானே சொல்லித் தரேன்" என்றேன்.

"எதை?"

"எல்லாத்தையும்."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. சரி, மூன்று மாதம் இங்கேயே நடத்திக் காட்டுங்கள் என்றாள். மூன்று மாதம் கழித்து விஷயம் தெரிந்த ஒருவர் வந்து வாசுவைச் சோதிக்க வேண்டும். தேறிவிட்டால் வாயைத் திறக்காமல் மூட்டை கட்டுவாள். தேறாவிட்டால் நான் இந்த ஜன்மத்தில் தொப்பிப் பேச்சை எடுக்கக் கூடாது. இது நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாளே என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

பள்ளிக்கூடம் என்றால் முதலில் பாடத் திட்டம் வேண்டும். இதில் ஒரு விசித்திரத்தைக் கண்டேன். உங்களுக்குத் தலைவலி என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தரலாம் என்று கேட்டால் ஆளுக்கு நாலு மருந்து சொல்கிறார்கள். முதலில் இங்கிலீஷ் இலக்கணம், மற்றதெல்லாம் பிறகு என்றார் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துச் சண்முகரத்தினம். வாய்ப்பாடு, அதுவும் அரை, கால், அரைக்கால் என்ற கீழ்வாய் இலக்கத்தோடு என்றான் சபாபதி. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் கன்னையா, கொசுவைப் பற்றித் தெரியாத பிள்ளை மற்ற எதைத் தெரிந்து என்ன லாபம் என்று கேட்டார். எதை விடுவது என்று தெரியாமல் எதையும் விடவில்லை. பதினொரு பாடம் சேர்ந்தது.

கால அட்டவணை போடுவதில் எனக்குச் சிரமம் இல்லை. ஒன்பது வருஷமாக வேறு என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன்? நீளக் காகிதத்தில் இரண்டு மையில் எழுதினேன். தமிழ் சாயங்காலம் 6.05 புறப்பாடு, 6.13 சேர்தல். கணக்கு 6.14. இங்கிலீஷ் மெயில் 6.22, நடுவில் எங்கும் நிற்காது. ஏழரைக்குள் பதினொன்றும் ஓடி முடிந்துவிடும். கூடத்துச் சுவரில் ஒட்டித் தூர நின்று பார்த்தேன். துரையே பார்த்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

முதல் நாள் தமிழ் அரை மணி நேரம் தாமதம். அதனால் கணக்கு வெளியே காத்திருந்தது. இங்கிலீஷ் புத்தகம் சீமையில் அச்சடித்தது, முதல் பக்கத்திலேயே பனி பெய்தது. பனி என்றால் என்ன அப்பா என்று வாசு கேட்டான். நான் பார்த்ததில்லை. ஐஸ் மாதிரி இருக்கும் என்றேன். வானத்திலிருந்து ஐஸ் விழுந்தால் ஐஸ் விற்கிறவர் என்ன செய்வார் என்றான். நான் பக்கத்தைத் திருப்பினேன். தங்கமணி சிலேட்டுக் குச்சியில் பாதியைத் தின்றுவிட்டுச் சரித்திரத்தில் தூங்கிப் போனாள்.

இப்படியே எட்டு நாள். ஒன்பதாம் நாள் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது இராஜம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒத்தைத் தண்டவாளத்துல பதினோரு ரயிலை ஒரே நேரத்துல விடுவாங்களா?"

"விட்டா மோதிக்கும்."

"பிள்ளைக்குத் தலை ஒண்ணுதானே இருக்கு."

அவள் நான்காம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் சொன்னதில் விஷயம் இருந்தது. அட்டவணையைக் கிழித்தேன். படிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்றே பாடம் வைத்தேன். சீமைப் பனியை மூடிவிட்டு எனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் உள்ள ஸ்டேஷன் பெயர்களை அட்டையில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கூடத்தைச் சுற்றி வைத்தேன். பிள்ளைகள்தான் வண்டி. பெயரைச் சரியாகப் படித்தால் வண்டி நகரும், இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். கணக்குக்குத் தராசு. அரிசியும் பருப்பும் பார்சல். வாசு பார்சலுக்குச் சீட்டு எழுதினான், தங்கமணி விசில் ஊதினாள்.

ஒரு மாதத்தில் வாசு நான் கொண்டுவரும் பழைய சரக்குச் சீட்டுகளைப் படித்து, எடை தப்பு என்று ஒன்றில் கண்டுபிடித்தான். உண்மையாகவே தப்பு. முதல் கிராணியின் தப்பு. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. ஆபீஸில் நாலு மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். இதை இராஜம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ரெண்டு பிள்ளை மட்டும் தனியாகப் படித்தால் போட்டி இருக்காதே என்றாள் ஒரு நாள். பக்கத்து வீட்டு வீரம்மாவின் பையன்கள் இருவரும் சும்மாதான் சுற்றுகிறார்கள் என்றாள். வரட்டும் என்றேன். எத்தனை பேர் வந்தாலும் என் திறமைக்கு அது அத்தாட்சிதானே. வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் வீட்டிலிருந்து மூன்று பேர், எஞ்சின் டிரைவர் வீட்டிலிருந்து ஒரு நாலு. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தில் நடப்பது பெண்கள்தான், ஆண்கள் நடப்பதில்லை. எந்தச் செய்தியும் முதலில் போவது அந்த வழியாகத்தான். இரண்டாவது மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். பதினேழு பேர்.

பதினெட்டும் பத்தொன்பதும் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் பெரிய கிராணியின் பிள்ளைகள். மூத்தவள் மார்க்கிரட்டுக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த இரண்டு வாத்தியார்கள், இது தேறாது என்று கும்பிடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் மனைவி குணபூசணி அம்மாள் தாமே கூட்டிக்கொண்டு வந்து, இராஜம்மாவிடம் பேசிவிட்டு, பாயில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். மாற்றல் உத்தரவில் துரை கையெழுத்துப் போடுவார். எங்கே போடுவது என்று விரலை வைத்துக் காட்டுவது பெரிய கிராணி. அந்த விரலுக்குச் சொந்தக்காரர் தம் பிள்ளைகளை என் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். மார்க்கிரட்டைத் தேறவைத்துவிட்டால் மனிதர் எனக்கு எதைத்தான் மறுப்பார்? தொப்பி என் தலையில் உட்கார்ந்துவிட்டதாகவே நினைத்தேன். என் சாமர்த்தியத்தை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். இராஜம்மாவிடம், சோதனை செய்யப் பெரிய கிராணியையே கூப்பிடலாமா என்று கேட்டேன். அவரைவிட நல்ல ஆள் யாரு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சண்முகரத்தினம் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வாசுவுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார், போட்டான். ஒரு சீட்டைக் கொடுத்தார், இரண்டு பாஷையிலும் படித்தான். தங்கமணி, கேட்காமலேயே, கிள்ளான் வரைக்கும் போய்த் திரும்பினாள். கடைசியில் அவர் கொஞ்சம் பயந்துகொண்டே தம் மகளைப் பார்த்தார். மார்க்கிரட் எழுந்து பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மை நான் கைவிட மாட்டன், தம்புசாமி" என்றார்.

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அவர் போனதும் இராஜம்மா, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், பித்தளைப் பாத்திரங்களை அலமாரியிலிருந்து இறக்கிப் பழைய சேலையில் சுற்றிக் கட்டினாள். சொன்ன சொல் காப்பாற்றுகிறவள் என்று எனக்கு அவள் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. காட்டில் அவளுக்கு ஒரு கோழிக்கூடு கட்டித் தருவதாகச் சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் உத்தரவு வந்தது. பலகையில் ஒட்டியிருந்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சபாபதி என்று இருந்தது. இன்னொரு தடவை படித்தேன். சபாபதிதான்.

பெரிய கிராணியின் மேஜைக்குப் போனேன். கேட்பதற்கு முன்பே அவர் எழுந்து என் தோளில் கை வைத்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ஐசே, துரை உம்மட பேரைத்தான் முதல்ல எழுதினவர். நான் விட்டனானே? இவரைக் காட்டுக்கு அனுப்பினா இந்தக் குவார்ட்டர்ஸ் பிள்ளையளின்ர கதி என்னெண்டு கேட்டனான். அவரும் யோசிச்சுப்போட்டு வெட்டிவிட்டார்."

"சார், எனக்கு அந்த ஸ்டேஷன்…"

"தெரியும், தெரியும். கடமை எண்டா நீர் போவீர். அதுதான் நான் குறுக்க நிண்டனான். இனி நான் இருக்குமட்டும் ஒருத்தரும் உம்மை இஞ்சையிருந்து அசைக்கேலாது."

நன்றி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? சபாபதி என் மேஜைக்கு வந்தான். அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதாம், நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால் அந்தக் காட்டில் உதவும், உங்கள் பாடத் திட்டத்தை ஒரு பிரதி எடுத்துத் தாருங்கள் என்று மரியாதையாகக் கேட்டான். எழுதிக் கொடுத்தேன்.

வழியெல்லாம் இராஜம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டுமே. வீட்டுக்குள் நுழைந்தேன். பித்தளைப் பாத்திரங்கள் அலமாரியில் ஏறியிருந்தன. துலக்கிக் கவிழ்த்து, எப்போதும் போல வரிசையாக. சேலைகளை மடித்து வைத்திருந்தாள். உத்தரவு ஒட்டி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"எதை?"

"இராஜம்மா, உண்மையைச் சொல்லு. பெரிய கிராணி பொண்டாட்டிகிட்ட நீ என்ன சொன்னே? என்னை அனுப்ப வேணாம்னு சொன்னியா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

"சத்தியமா அப்படி ஒரு வார்த்தை சொல்லலீங்க. என் வீட்டுக்காரர் நல்லாப் பாடம் சொல்லித் தர்றாருன்னு மட்டுந்தான் சொன்னேன். மூணு மாசமா எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். புருஷனைப் பத்திப் பெருமையாப் பேசுறது ஒரு குத்தமா?"

குற்றம் இல்லைதான். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் செல்லாது. கூடத்தில் பிள்ளைகள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனேன். இராஜம்மா துண்டை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கு வரும்போது பாசார்ல ரெண்டு பாய் வாங்கிட்டு வாங்க. துரை வீட்டுச் சமையக்காரரு பிள்ளைங்களும் வருதாம்."