இணைக்கயல் காசில் எண்ணெய் மணம்

உத்தமபாளையம்,
1938, மாசித் திங்கள் ஒன்பதாம் நாள்.

மாந்தோப்புகள் சூழ்ந்த தேவதானப்பட்டியில் வாழ்ந்துவரும் என் அன்புக்குரிய மைத்துனர் பலவேசம் அவர்கட்கு, உரையரிமா சுருளியாண்டி வணங்கி எழுதும் மடல். நானும் தங்கள் தங்கை சுப்புத்தாயும் நலம். தங்கள் இல்லத்தார் நலமும் இவ்வாண்டு மாம்பூக்களின் நலமும் அறிய விழைகிறேன்.

வரும் ஞாயிறன்று தங்கள் ஊர்க் கூட்டத்தில் உரையாற்ற அழைத்தமைக்கு நன்றி. "காசும் கயமையும்" எனத் தலைப்பு அச்சிடுக. ஏன் அத்தலைப்பு என்பீர்களாயின், கேளுங்கள்.

இவ்வூரில் ஏலக்காய் வணிகம் செய்யும் அப்துல் சமது இராவுத்தரைத் தாங்கள் அறிவீர்கள். அவர் வயலை உழுதபோது பாண்டியர் செப்புக்காசு ஒன்று, இரு கயல்கள் பொறித்தது, கிடைத்ததாம். மதுரைக் காசுக் கண்காட்சிக்கு அது செல்லத் தகுமா எனத் தீர்ப்புரைக்கும் பொறுப்பை எங்கள் தமிழ் மன்றம் என் தோள்மேல் ஏற்றியது. அதிலுள்ள எழுத்துகளைப் படித்துக் கூறுமாறு இராவுத்தர் சென்ற திங்களே அக்காசை என் இல்லத்தில் ஒரு கிழமை விட்டு வைத்திருந்தார். ஆயின் போடியிலும் கம்பத்திலும் எனக்கு அடுத்தடுத்து ஐந்து சொற்பொழிவுகள் இருந்தமையால், மேசைமேல் வைத்தது வைத்தபடி இருக்க நான் புறப்பட்டுப் போனேன். தங்கள் தங்கைதான் அதைத் துணியில் முடிந்து திருப்பி அனுப்பினாள்; அம்முடிச்சை அவிழ்க்காமலே இராவுத்தர் மன்றத்துக்குக் கொணர்ந்தார். எனவே நேற்று மன்றத்தில், இருநூறு பேர் பார்த்திருக்க, முடிச்சவிழ்த்து உள்ளங்கையில் ஏந்தியபோதுதான் நான் அதை முதன்முதலாகக் கண்டேன். கண்ட நொடியிலேயே ஐயம் எழுந்தது! பன்னூறு ஆண்டு மண்ணில் கிடந்த செம்பின்மேல் களிம்பு பச்சையும் பழுப்புமாய் ஊறி, செம்போடு செம்பாய் இறுகியிருக்கும், துணிக்கு வாராது. இதுவோ ஒரே கருமை; அதுவும் மினுமினுக்கும் கருமை. என் வெள்ளைத் துண்டின் நுனியால் ஒருமுறை துடைத்தேன். துண்டு கறுத்தது, காசு சிவந்தது! உருப்பெருக்கியால் நோக்கினேன். கயல்களின் முதுகிலும், கயல்களுக்கு இடைப்பட்ட பள்ளத்திலும், ஒரே போக்கில் ஓடும் நுண்கீறல்கள். எவனோ அழுத்தித் தேய்த்திருக்கிறான்! முகர்ந்தேன். நல்லெண்ணெய்! அதனடியில் புளி!

"பாண்டிய மன்னன் காசு அடித்தானா, குழம்பு வைத்தானா?" என முழங்கினேன். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

இராவுத்தர் எழுந்தார். "அய்யா, ஒங்க வீட்டுக்குக் குடுத்து விட்டப்ப இது…"

"இடைமறிக்காதீர்!"

"இல்லீங்கய்யா, போன மாசம் பச்சையா…"

"கயமைக்குப் பரிந்து பேசாதீர்!"

மூன்றாம் முறை அவர் வாய் திறக்குமுன் கையை உயர்த்தினேன். பின்வரிசையிலிருந்து ஒச்சாண்டி என்பவன், "ஏலே, ராவுத்தர் என்னமோ சொல்ல வாராக, சொல்ல விடுங்கப்பா" என்றான். நான் முடித்தபின் கேட்கலாம் என்றேன். நான் முடித்தபோது கடைசிப் பேருந்துக்கு எல்லாரும் எழுந்துவிட்டனர்.

அத்தீயவனைக் குறித்து ஒன்றரை மணி நேரம் உரைத்தேன், மைத்துனரே! ஈவிரக்கமற்றவன், அரும்பொருளின் அருமை அறியாதவன், தேய்த்துத் தேய்த்தே கைபழகியவன், மதுரைச் சந்து ஒன்றில் கரியும் எண்ணெயும் புளிப்பானையுமாக மறைவில் தொழில் நடத்துபவன். அவனிடம் இராவுத்தர் ஏமாந்தார், அன்றேல் அவனோடு கைகோத்தார் என்றேன். காசைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். "அய்யா சொன்னாச் சரித்தேன்" என்று தலைகுனிந்து வெளியேறினார் இராவுத்தர். காணும் கண்ணும் உரைக்கும் நாவும் ஒருவனிடமே வாய்ப்பது அரிது. அது இப்பள்ளத்தாக்கு பெற்ற பேறு. என் வாயால் சொல்லலாகாதுதான். வேறு எவரும் சொல்லாமையால் சொல்கிறேன்.

தங்கள் மக்கள் தமிழ்போல் தழைக்க, தோப்பு கிளைதாழக் காய்க்க!

தங்கள் அன்பு மைத்துனன்,
உரையரிமா சுருளியாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், வழக்கம்போல் இம்மடலை உரக்கப் படித்தேன். அடுப்படியிலிருந்து தங்கள் தங்கை வந்து நின்றாள்.

"மதுரைச் சந்துல பானை வச்சிருக்கேனாக்கும் நானு?"

"நீயா?"

"நாந்தேன். வெள்ளிக்கெழமை வெளக்கு வெளக்குறப்ப, அது மேசையில பச்சை புடிச்சுக் கெடந்துச்சு. அடுத்தவுக பொருளு, சுத்தமாக் குடுப்பமேன்னு புளியப் போட்டுத் தேச்சேன். செவசெவன்னு ஆயிப்போச்சு. ஆத்தாடி, பழைய காசுன்னாகளேன்னு பதறிப்போயி, வெளக்குக் கரிய எண்ணெயில கொழச்சுப் பூசி விட்டேன்."

"இத்தனை நாள் ஏன் உரைக்கவில்லை?"

"எங்கன சொல்ல? நீங்க வாய மூடுனாத்தான? ராவுத்தர் அண்ணனுக்கு நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள வெளங்கியிருக்கும். அத்தனை பேருக்கு முன்னால இந்த வீட்டுப் பொம்பள பேரு வரவேணாம்னுதேன் பேசாமப் போயிருக்காக."

மைத்துனரே, என் ஆய்வில் ஓரெழுத்தும் பிழையில்லை என்பதைத் தாங்கள் கருத வேண்டும். கரி மெய், எண்ணெய் மெய், புளி மெய், கைபழகியவர் என்பதும் மெய். காசும் மெய்க்காசே, அதன் தோல் மட்டும் தங்கள் குடும்பத்துக் கைவேலை. அதைப் பட்டியலில் மீண்டும் சேர்க்குமாறு மன்றத்தாருக்கு இப்போதே எழுதுகிறேன். தலைப்பை அச்சிட வேண்டா. மேடையில் என் வலப்பக்கம் இராவுத்தருக்கு நாற்காலி இடுக. நான் மும்முறை அறுத்த பேச்சை அவர் முதலில் முடிக்கட்டும். அதுவரை நான் வாய் திறவாதிருக்கத் தங்கள் தங்கையும் உடன் வருகிறாள். அதன்பின் நான் எழுந்து, என்னைப் பொறுத்தருளுமாறு அவரை வேண்டுவேன்.

அதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குக.