பரம்புப் பலகையில் ஓர் அந்தர் பல்டி

மனைவி நம்மைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது உண்மையா பொய்யா என்று விசாரிக்கும் உரிமை கணவனுக்குக் கிடையாது. அதை உண்மையாக்குவதுதான் அவன் வேலை. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை (படித்ததே எட்டாவது வரைக்கும்தான்). ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமனார் வயலில், தொடை வரை சேற்றில் நின்றபடி தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. பெண் எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பத்தில். மனைவி பெயர் கோதை. அவளுடைய அக்கா ரெங்கம்மா. ரெங்கம்மாவின் கணவர் சீனிவாசன், அதாவது என் சகலை, முழு விவசாயி. பனைமரத்துக்குக் கை கால் முளைத்தது போல இருப்பார். நான் அப்போது பஞ்சுத் தூசி படிந்த ஒட்டடைக் கம்பு மாதிரி இருந்தேன்.

அந்த வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குப் போயிருந்தோம் (தீபம் ஏற்றுகிற ஊர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் அதே பெயரில் இருக்கும் எங்கள் மலைப் பெருமாள் கோவில்). தரிசனம் முடிந்து படியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். படி ஏறிய களைப்பில் எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ரெங்கம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"மில்லுக்காரவியளுக்கு நாலு படி ஏறுனாலே நுரை தள்ளுது. எங்க வீட்டுல அவிய பரம்படிக்கையில பலகை மேலயே அந்தர் பல்டி அடிச்சு, பலகை மேலயே நிப்பாக. பக்கத்து வயக்காரனெல்லாம் வேலையப் போட்டுட்டு வந்து பாப்பான்."

பரம்படிப்பது என்றால், நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டிய சேற்று வயலைப் பலகை இழுத்துச் சமப்படுத்துவது. மாடோ டிராக்டரோ இழுக்கும். பலகை அழுந்துவதற்காக அதன்மேல் ஓர் ஆள் நின்றுகொண்டே போவான். நின்றுகொண்டு போவதே பெரிய காரியம். அதில் பின்பக்கமாக அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓடுகிற பலகையிலேயே திரும்ப வந்து நிற்பது பெருமாள் சிலருக்கு மட்டும் கொடுக்கிற வரம்.

கோதை கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். "இவியளும் அடிப்பாக" என்றாள்.

நான் வாழ்க்கையில் தலைகீழாக இருந்ததே கிடையாது. பிறக்கும்போதுகூடக் கால் முன்னால் வந்தவன் என்று அம்மா சொல்லுவாள்.

மாமனாருக்கு ஒரே சந்தோஷம். "அப்படியா மாப்ளே! சொல்லவே இல்லையே! தலைதீவாளிக்கு வாரீகள்லா, நமக்கு நடவும் அப்பத்தான். ரெண்டு மருமகப்புள்ளையளும் நம்ம வயல்ல அடிச்சுக் காட்டுங்க."

இறங்கும்போது கோதையைத் தனியாகப் பிடித்தேன். "ஏட்டி, எதுக்கு அப்படிச் சொன்ன?"

"அக்கா உங்கள எளக்காரமாப் பேசுனா. வாயில வந்துருச்சு." இரண்டு படி இறங்கினாள். பிறகு, "பெருமாள் வாசல்ல வச்சுச் சொல்லிட்டேங்க. பொய்யாப் போயிரக் கூடாது" என்றாள். கண் கலங்கியிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான்.

மில்லில் கழிவுப் பஞ்சு கொட்டிவைக்கும் கொட்டடி ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் தினம் அங்கே போய்ப் பல்டி பழகினேன். என்னோடு வேலை பார்த்த காசிம்தான் துணை. ஒரு மேஜை மேல் நான் கயிற்றைப் பிடித்து நிற்பேன். கயிற்றின் மறு முனையை இழுத்துக்கொண்டு காசிம் ஓடுவான். அவன்தான் டிராக்டர். நான் பின்னால் சாய்ந்து எழும்பிப் பஞ்சுக்குள் விழுவேன். முதல் வாரம் தலை போனது. அடுத்த வாரம் முதுகு. மூக்கிலும் காதிலும் பஞ்சோடு என்னைப் பார்த்த காசிம் ஒருநாள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டான்.

"மாப்ளே, அல்லா சத்தியமாச் சொல்லுதேன். பொண்டாட்டிகிட்டத் தெரியாதுன்னு சொல்லிரு. ஒரு நாள் அழுவா, விட்ருவா. நீ செத்துப்போனா ரொம்ப நாளு அழுவா."

"அவ பெருமாள் வாசல்ல வச்சுச் சொல்லிருக்காளே."

சாமி விஷயம் என்றதும் காசிம் குனிந்தான். கயிற்றை எடுத்துக்கொண்டான். "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. கயிறுதான் உன்னையப் பலகைகிட்டத் திரும்பக் கொண்டுவரும். உசிரு போனாலும் கயிற விட்றாத."

ஐப்பசி பிறந்தபோது நான் பஞ்சின் மேல் காலூன்றி நின்றேன். காசிம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆண்டாள் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். எதற்காக என்று பட்டர் கேட்டார். பல்டிக்கு என்று எப்படிச் சொல்வது? "ஒரு காரியம் நல்லபடியா முடியணும் சாமி" என்றேன். புது மாப்பிள்ளையைப் பார்த்த பட்டர், குழந்தை வரத்துக்குச் சேர்த்து மந்திரம் சொல்லிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, என்னைக் காலில் நிற்க வை" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

தலைதீபாவளி முடிந்த மறுநாள் நடவு. வரப்பில் ஊரே நின்றது. நாற்று முடிகளோடு நடவுப் பெண்கள் ஒரு பக்கம். மாமனார், ரெங்கம்மா, கோதை ஒரு பக்கம். டிராக்டருக்குப் பின்னால் பலகையைக் கட்டி, மேலே நிற்பவன் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு கயிறும் விட்டிருந்தார்கள். முதலில் சகலை ஏறினார். வயலில் ஒரு சுற்று வந்தார். கயிற்றைப் பிடித்தபடியே பின்னால் சாய்ந்தார். எழும்பினார், சுற்றினார், நின்றார். வாயிலிருந்த வெற்றிலையைக்கூட அவர் துப்பவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள்.

அடுத்து நான். தீபாவளி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினேன். பலகை நகர்ந்தது. கை கயிற்றை விடவில்லை. கோதையைப் பார்த்தேன். முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்காகப் பின்னால் சாய்ந்து எழும்பினேன்.

நம்புங்கள், பல்டி அருமையாக வந்தது. கால் வானத்தில் இருந்தது. மேற்கு மலையைத் தலைகீழாகப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து, மருமகன் கழுத்து முறியப்போகிறதே என்ற பயத்தில் மாமனார் வாய்விட்டு அலறினார்:

"கோவிந்தா!"

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். யார் கோவிந்தா என்று சொன்னாலும், சாப்பாட்டில் இருந்தாலும் சரி, தூக்கத்தில் இருந்தாலும் சரி, இரண்டு கையும் தலைக்கு மேல் கூடிவிடும். வாய் பதிலுக்குக் "கோவிந்தா" என்று சொல்லிவிடும். தலைகீழாக இருப்பவனுக்கு இதில் விலக்கு உண்டா என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "கோவிந்தா!" என்றேன். கை கூடியது. கயிறு போய்விட்டது.

பலகை தன் வழியே போனது. நான் காலில்தான் விழுந்தேன். தாயார் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். எங்கே நிற்க வேண்டும் என்பதை நான்தான் சொல்ல மறந்திருந்தேன். அடித்த முளைக்குச்சி மாதிரித் தொடை வரை சேற்றுக்குள் இறங்கி நின்றேன். கை மட்டும் தலைக்கு மேல் கூப்பியபடியே இருந்தது. இறக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பிறகு நடவுப் பெண்களில் மூத்தவள் ஒருத்தி கும்பிட்டபடி சேற்றில் இறங்கி வந்தாள்.

"ஏட்டி, மாப்பிளைக்குச் சாமி வந்துருக்குடி! சாமி, இந்த வருசம் மழை தண்ணி எப்படி? வெள்ளாம வீடு வந்து சேருமா?"

நான் சொன்னேன்: "மொதல்ல காலை வெளிய எடுங்க."

அப்புறம் எழுந்த சிரிப்பு ஊருக்குள் மடவார் வளாகம் கோவில் வரைக்கும் கேட்டிருக்கும். டிராக்டர்காரர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துவிட்டார். ரெங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி கோத, இதுதான் உங்க வீட்டு அந்தர் பல்டியா?"

கோதை தீபாவளிச் சேலையோடு சேற்றில் இறங்கி என் கையைப் பிடித்தாள். திரும்பி அக்காவிடம் சொன்னாள்: "பல்டி அடிப்பாகன்னுதான சொன்னேன். அடிச்சாகளா இல்லையா? பலகையில நிப்பாகன்னு நான் சொன்னனா?"

ரெங்கம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் வாய்க்காலில் என் காலைக் கழுவிவிடும்போது கோதை நிமிரவே இல்லை. "அக்காவ வாயடைச்சுட்டேன். பெருமாளுக்குத் தெரியும்லா, நான் எத நெனச்சுச் சொன்னேன்னு" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. நேரே சகலையிடம் போனேன். "சகலை, இன்னொருக்க ஏறணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கேலி வார்த்தையும் வரவில்லை. "ஏறுங்க. நானே வண்டி ஓட்டுதேன். மாமா, நீங்க வாயத் தொறக்கப்படாது. யார் வாயிலயும் சாமி பேரு வரப்படாது."

மாமனார் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். அதோடு பயத்தில் கண்ணையும் மூடிக்கொண்டார். வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்துவிட்டார்கள், நடவுப் பெண்களும் டிராக்டர்காரரும் கஞ்சி குடிக்க மரத்தடிக்குப் போயிருந்தார்கள். எனக்கு வெந்நீர் போட ரெங்கம்மா வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள் (மனசு நல்ல மனசுதான்). சகலை முன்னால் பார்த்து வண்டியை எடுத்தார்.

சாய்ந்தேன். எழும்பினேன். மலை தலைகீழாகி நேரானது. காலுக்குக் கீழே பலகை இருந்தது. கையில் கயிறு இருந்தது. நான் போய்க்கொண்டே இருந்தேன். சகலை வரப்போரம் வண்டியை நிறுத்தும் வரை அதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"என்ன சகலை, அடிச்சீகளா, இல்ல பயந்துட்டீகளா?" என்று அவர் திரும்பிக் கேட்டார். அவர் பார்க்கவில்லை. மாமனாரும் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்து வரப்பில் நின்றவள் கோதை மட்டும்தான். அவள் கும்பிடவில்லை, சிரிக்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டில் யாராவது நாளை நடக்கப்போவதைப் பற்றிக் கேட்டால், பரீட்சை ரிசல்ட்டோ, பெண் பார்க்கப் போன இடத்துப் பதிலோ, "மொதல்ல காலை வெளிய எடுங்க" என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். புதிதாக வந்த மருமகள் காரணம் கேட்டால் கோதைதான் முழுக் கதையையும் சொல்லுவாள். அவளைப் போல அதைச் சொல்ல ஆள் கிடையாது. நான் கையைக் கூப்பி நின்றதை எழுந்து நின்றே காட்டுவாள். ஆனால் கதையைச் சேற்றிலேயே முடித்துவிடுவாள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏட்டி, அதுக்குப் பொறவு நான் பலகையில நின்னத ஒருநாளாவது சொல்லக் கூடாதா?"

பூக்கட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "சேத்துல நின்னத ஊரே பாத்துச்சு. அது ஊருக்கு. பலகையில நின்னத நான் ஒருத்திதான் பாத்தேன். அத நான் எதுக்குக் குடுக்கணும்?"