மன்னிப்புக் கேட்டுவிட்டு இடிப்பவன்

லண்டனில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். காலை நேரத்துப் பாதாள ரயிலில் ஒருமுறை ஏறி இறங்கினால் பை நிறைய மன்னிப்பு கிடைக்கும். ஆனால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதன் பிறகு இடிக்கிற மனிதன் இந்த ஊரில் ஒரே ஒருவன்தான் இருந்தான். கொடுமை என்னவென்றால், அவனுக்குச் சம்பளம் கொடுத்ததே இடிப்பதற்காகத்தான்.

அவனை நாங்கள் ஃபிரிட்ஜ் என்றுதான் கூப்பிடுவோம். கூட விளையாடும் வெள்ளைக்காரப் பையன்கள் வைத்த பட்டம். உயரம், அகலம், கதவை மறைத்துக்கொண்டு நிற்கிற தோரணை எல்லாம் சேர்ந்து வேறு பெயருக்கு இடமே வைக்கவில்லை. பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிடுவார். சொந்தப் பெயரில் வங்கிக் கடிதம் ஏதாவது வந்தால், "உது ஆருக்கு?" என்று ஒரு கணம் யோசிப்பார்.

அந்தத் தாய், சரோ அக்கா, மோர்டனில் எனக்கு மாடியறையை வாடகைக்குக் கொடுத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டிலேயே ரோல்ஸ், பற்றீஸ் என்று அவர்கள் ஊர்ப் பலகாரங்கள் செய்து கடைகளுக்கு அனுப்புவார். நான் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன். குடிபுகுந்த மறுநாள் காலை, பல் தேய்க்கலாம் என்று குளியலறைக் கதவைத் திறந்தேன். தொட்டி முழுக்க ஐஸ் கட்டி. நடுவில் ஒரு தலை.

"குட் மோர்னிங் அண்ணா," என்றது தலை. "சொறி, கதவைப் பூட்ட மறந்திட்டன். நீங்கள் பல்லைத் தீட்டுங்கோ, நான் அங்காலை திரும்பிறன்."

கழுத்துவரை ஐஸில் இருப்பவன் எந்தப் பக்கம் திரும்புவது? ஆனாலும் திரும்பினான். பாதி ஐஸ் தரையில் கொட்டியது. அதற்கும் ஒரு "சொறி". எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. ஆகவே பையனுக்கு ஏதோ தோல் வியாதி, அதற்குத்தான் இந்த ஐஸ் வைத்தியம் என்று நம்பி, கொஞ்ச நாள் வேறு சோப்பு வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. சின்ன வயதில் யாருடைய பிறந்தநாளுக்கோ பக்கத்துப் பனிச்சறுக்குக் கூடத்துக்குப் போய் வழுக்கியவன், அப்புறம் தரைக்கு வரவே இல்லை. இப்போது சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். தொட்டியில் இருந்த ஐஸ், அதில் வாங்கிய அடிகளின் வலிக்கு. அதிலும் அவன் 'பவர் ஃபார்வர்ட்'. அதாவது, எதிரணி கோல் கீப்பரின் மூக்குக்கு முன்னால் போய் நின்று, இடித்து, இடிபட்டு, 'பக்' என்கிற ரப்பர் வட்டை எப்படியாவது வலைக்குள் தள்ள வேண்டியவன். மாலை ஆறு மணிக்கு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இந்த உத்தியோகத்தை அவனுடைய சித்தப்பாவால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் கணக்காளர். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, அண்ணன் இல்லாத வீட்டுக்கு அறிவுரை வழங்கிவிட்டு, சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுப் போவார்.

"என்ரை மகன் டென்டிஸ்ட். பல்லுக் கட்டுறான். நீ ஐஸிலை நிண்டு பல்லை உடைக்கிறாய். ஒரு விதத்திலை பாத்தால் குடும்பத் தொழில்தான்," என்பார்.

"ஓம் சித்தப்பா, சொறி," என்று சொல்லி அவருக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைப்பான் ஃபிரிட்ஜ்.

அவன் பல்லை உடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவனுடைய கோச் அதைத்தான் கேட்டார். கனடாக்காரர். சூயிங்கம் மெல்லாத நேரத்தில் கத்துவார், கத்தாத நேரத்தில் மெல்லுவார். அவர் அணிக்கு மலை மாதிரி ஓர் ஆள் கிடைத்திருந்தது. அந்த மலை எதிரே வருபவனுக்கெல்லாம் வழிவிட்டது.

நான் பார்க்கப் போன முதல் ஆட்டத்தில் நடந்தது இது. களத்தைச் சுற்றி அடித்திருக்கும் பலகையின் மூலையில் ஒருவன் பக்கோடு நிற்கிறான். ஃபிரிட்ஜ் பாய்ந்து வருகிறான். கூடமே எழுந்து நிற்கிறது. கிட்டே வந்ததும், "சொறி மேட்!" என்று சத்தம் கொடுத்துவிட்டு இடித்தான். சத்தம் கேட்டவன் சுதாரித்துக்கொண்டு நகரப் பார்த்தான், ஆனாலும் பாவம், விழுந்துவிட்டான். ஃபிரிட்ஜ் என்ன செய்தான்? ஆட்டத்தை விட்டுவிட்டுக் குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தினான். ஹெல்மெட்டைச் சரிசெய்தான். கீழே கிடந்த மட்டையை எடுத்துக் கையில் கொடுத்தான். முதுகில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டான். தட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரணி இவர்கள் பக்கம் கோல் போட்டுவிட்டது.

கோச் சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது. எழுத முடிந்தது இவ்வளவுதான்: சீசன் முடிவதற்குள் உடம்பைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் கிடையாது.

வீட்டில் துக்கம் கொண்டாடினோம். பிறகு அவனுக்குப் பயிற்சி கொடுப்பது என்று நான் முடிவெடுத்தேன். எனக்கு ஐஸ் ஹாக்கி தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்தில் ஆலோசனை சொல்லத்தானே என்னைப் போன்றவர்களை விமானம் ஏற்றி அனுப்புகிறார்கள்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தமிழ்க் கடைகள் நெருக்கியடிக்கும் ஈஸ்ட் ஹாமுக்கு அவனைக் கூட்டிப்போனேன். ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடை வாசலிலிருந்து காய்கறிக் கடைவரை யாருக்கும் வழிவிடாமல் நடக்க வேண்டும் என்பது பாடம். தள்ளுவண்டியோடு ஒரு அம்மா வந்தார், ஒதுங்கினான். முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு ஐயா வந்தார், ஒதுங்கினான். ஒரு புறா வந்தது, அதற்கும் ஒதுங்கினான். நான் காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், ஃபிரிட்ஜ் இன்னும் நகைக்கடை வாசலில், உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் அவனைப் புதுக் காவலாளி என்று நினைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"ஏன்டா, ஒருத்தரையாவது இடிக்கக் கூடாதா?" என்றேன்.

"என்ரை சைஸுக்கு நான் இடிச்சால் ஆக்கள் உடைஞ்சு போவினம் அண்ணா."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே அது நடந்தது. கோச் பெஞ்சிலிருந்து கத்திய கத்தலில், வாழ்க்கையில் முதல்முறையாக மன்னிப்புக் கேட்காமல் ஒருவனை இடித்தான் ஃபிரிட்ஜ். விதிப்படி சுத்தமான இடி. நடுவர் விசில்கூட ஊதவில்லை. ஆனால் இடிபட்ட பையன் பலகையில் மோதி விழுந்தான். தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. எங்கள் பக்கத்து ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். கோச்சுக்கு ஆனந்தத்தில் சூயிங்கம் தொண்டைக்குள் போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் ஃபிரிட்ஜ் நேராக மருத்துவமனைக்கு ஓடினான். இந்த நாட்டு அவசரப் பிரிவில் அவசரத்தைத் தவிர மற்ற எல்லாம் உண்டு. மணிக்கணக்கில் அந்தப் பையனோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஓடிவந்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு பெட்டி ரோல்ஸையும் கொடுத்தான். அவன் அழுத அழுகையில் நர்ஸ் குழம்பி, முதலில் அவனுக்குத்தான் வலி மாத்திரை கொண்டுவந்தாராம்.

மறுநாள் சமையலறையில், அடுப்புக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் இந்த வேலைக்குச் சரிவரமாட்டன் அண்ணா. விடப்போறன்," என்றான். விளையாட்டைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அடுப்பில் கறி கருகும் வாசனை. சரோ அக்கா ஓடிவந்தார்.

"தள்ளடா, கறி அடிப்பிடிக்குது!"

அவன் யோசனையில் இருந்தான். அக்கா தோளால் இடித்தார். அகப்பையால் முதுகில் போட்டார். "தம்பி, ஓடி வாங்கோ, இந்த எருமையைத் தள்ளுங்கோ!" என்று என்னைக் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து முக்கித் தள்ளினோம். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவன் ஓர் அங்குலம் அசையவில்லை. புகை அலாரம் அலறியபோதுதான் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, என்னைத் தள்ளினனீங்களோ?"

"இல்லை, தாலாட்டினனான்! கறி கரியாப் போச்சுது!"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் மெல்ல மலர்ந்தது. "அண்ணா, நான் ஒருத்தரையும் இடிக்கத் தேவையில்லை. சும்மா நிண்டாலே போதும்!"

ஒரு பவர் ஃபார்வர்ட் உருவான கதை இதுதான். கருகிய கறியைத்தான் அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டோம்.

அடுத்த ஆட்டத்துக்குச் சரோ அக்காவும் வந்தார். பிள்ளை அடிவாங்குவதைப் பார்க்க ஏலாது என்று அதுவரை ஓர் ஆட்டத்துக்கும் வராதவர். ஃபிரிட்ஜ் நேராகப் போய் எதிரணி கோல் கீப்பரின் முன்னால் நின்றான். நின்றான் என்றால், நட்டு வைத்த மாதிரி. தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் முதுகில் மட்டையால் குத்தினார்கள், இடித்தார்கள், தொங்கினார்கள். அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டு, "டேய், என்ரை பிள்ளையை விடுங்கோடா, நாசமாப் போவாங்களே!" என்று கூடம் அதிரக் கத்தினார். ஃபிரிட்ஜோ கோல் கீப்பர் பக்கம் திரும்பி, "சொறி, நான் மறைக்கிறேனா?" என்று மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான். திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். கோல் கீப்பர் பொறுத்துப் பார்த்து, கடைசியில் வெறிபிடித்து அவன் காலில் மட்டையால் ஓங்கி அடித்தார். நடுவர் கையைத் தூக்கி, அபராதமாக எதிரணி ஆள் ஒருவனைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரவைத்தார். எதிரணியில் ஓர் ஆள் குறைந்த அந்த நேரத்தில் யாரோ அடித்த பக், ஃபிரிட்ஜின் பின்புறத்தில் பட்டு வலைக்குள் போனது.

கோல் போட்டது தான்தான் என்பது அவனுக்கு மற்றவர்கள் வந்து கட்டிப்பிடித்த பிறகுதான் தெரியும். சீசன் முடிவதற்குள் அந்தப் பின்புறம் அணியிலேயே அதிகம் பேசப்பட்ட உறுப்பாகிவிட்டது. வடக்கே ஒரு பெரிய அணி அவனை ஒப்பந்தம் செய்தது.

படம் பேப்பரில் வந்ததும் நம் சமூகம் விழித்துக்கொண்டது. ஹாரோ பக்கத்து மண்டபத்தில் பாராட்டு விழா. அறிவிப்பாளர் கடைசிவரை 'பனிக்கட்டிக் கிரிக்கெட் வீரர்' என்றே சொன்னார். பொன்னாடை போர்த்தியவர் நம் கணக்காளர் சித்தப்பா.

"சின்னனிலேயே நான் சொன்னனான், படிப்பு எல்லாருக்கும் வரும், உந்த உடம்பு ஒருத்தனுக்குத்தான் வருமெண்டு!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். டென்டிஸ்ட் மகன் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான். மேடையில் இருந்த அமைப்புத் தலைவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொன்னாடை போர்த்த, கடையில் சுற்றிக் கட்டி அனுப்பத் தயாராக வைத்த குளிர்பெட்டி மாதிரியே நின்றான் ஃபிரிட்ஜ். எல்லாப் பேச்சும் முடிந்ததும் மைக்கைக் கொடுத்தார்கள். "தாங்ஸ். உங்களை லேட் ஆக்கினதுக்கு சொறி," என்றான். அன்று மேடையில் பேசியவர்களில் அந்த ஒரு காரியத்துக்காக வருத்தப்பட்டவன் அவன் மட்டும்தான்.

அவன் வடக்கே போய்விட்டான். போன மாதம், இடுப்பு வலியையும் பொருட்படுத்தாமல், பல மணிநேரம் ரயிலில் உட்கார்ந்து அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். குளிர் எலும்புக்குள் இறங்கியது. அவனை எவனோ பின்னாலிருந்து குத்தியபோது, நானே அறியாமல் எழுந்து நின்று, சென்னைத் தமிழில் எனக்குத் தெரிந்த அத்தனையையும் கத்தித் தீர்த்தேன். பக்கத்தில் அணியின் மப்ளர் சுற்றிய ஓர் ஆங்கிலேயப் பாட்டியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அந்தப் பையன் உங்களுக்கு யார்?" என்று கேட்டார்.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவின் மகன் என்று சொல்லியிருக்க வேண்டும். "என் தம்பி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதைத் திருத்தத் தோன்றவில்லை.